ஜெர்மானியப் பிடியில் இருந்த நெதர்லாந்தில் வட்டார வழக்கு ஆய்வாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

கேள்வி சுருக்கமானது: “இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், வட்டார வழக்குகளை ஆராய்ந்த ஒரு டச்சு அறிஞரின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்? மண்ணின் மொழி என்று பேசிய நாஜிகளுக்கு அவர்களும் துணை போனார்களா?” பார்க்க இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும், கேட்டவர் உண்மையில் அறிய விரும்புவது ஒன்றைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊர் ஊராகப் போய்ச் சொற்களைச் சேகரிக்கும் இந்தத் துறையிலேயே, ஆக்கிரமிப்பாளனுக்கு வளைந்து கொடுக்கும் தன்மை ஏதேனும் இருந்ததா என்பதே அது. இல்லை என்பது என் பதில். ஒரே துறையில், ஏறத்தாழ ஒரே முறையைக் கையாண்டவர்கள், அந்த ஐந்து ஆண்டுகளில் முற்றிலும் வேறுபட்ட வாழ்க்கைகளை வாழ்ந்தார்கள். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் அவர்களுடைய ஆய்வுமுறை அன்று. சிலருக்கு அது அவர்களே எடுத்த முடிவு. ஒருவருக்கு, அவர் யூதராகப் பிறந்தார் என்ற ஒன்றே. நான் பயின்றதும் பல ஆண்டுகளாகச் செய்துவருவதும் கிளைமொழி வரைபட வேலை, அதாவது எந்த ஊரில் எந்த வட்டார வழக்கு வழங்குகிறது என்று படத்தில் குறிக்கும் வேலை. ஆக்கிரமிப்புக் கால வரலாறு என் துறை அன்று. ஆகவே ஆய்வுமுறை பற்றிச் சொல்வதை உறுதியோடும், மனிதர்களின் மனநிலை பற்றிச் சொல்வதைத் தயக்கத்தோடும் சொல்கிறேன்.

முதலில் 1939இல் அந்தத் துறை எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் அரச அறிவியல் அகாதெமியின் கீழ் 1930இல் ஒரு கிளைமொழி அலுவலகம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் பீட்டர் மேர்டென்ஸ். கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள், பாதிரியார்கள் போன்றோருக்கு அச்சிட்ட வினாநிரல்களை அஞ்சலில் அனுப்பி, அவர்கள் ஊரில் ஒவ்வொரு பொருளுக்கும் செயலுக்கும் என்ன சொல் வழங்குகிறது என்று எழுதி வாங்குவதே அதன் முக்கிய வேலை. லைடன் பல்கலைக்கழகத்தில் குலூகே என்னும் பேராசிரியர் இருந்தார். டச்சு பேசும் நிலப்பரப்பு முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொடுத்த அவருடைய முறையை அத்துறையினர் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அவர் உருவாக்கிய பெரிய மொழி வரைபடத் தொகுப்பின் முதல் பகுதி 1939இல்தான் வெளிவந்தது.

குலூகே 1927இல் செய்து காட்டிய ஒன்றை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த அறிவியல் எப்படிச் சிந்திக்கிறது என்பது அதிலிருந்து விளங்கும். எலி, வீடு என்னும் இரண்டு சொற்களும் பழைய டச்சில் ஒரே உயிரொலியைக் கொண்டவை. கிழக்கில் அந்தப் பழைய ஊகாரம் அப்படியே இருந்தது; அதற்கு மேற்கே உதட்டைக் குவித்துச் சொல்லும் ஈகாரம் போன்ற ஒலி வந்தது; நாட்டின் மேற்கே உள்ள ஹாலந்துப் பகுதியின் செல்வ நகரங்களில் அது மேலும் மாறிக் கூட்டுயிர் (இரண்டு உயிரொலிகள் சேர்ந்த ஒலி) ஆனது. ஒலி மாற்றம் ஒரே சீராக நடந்திருந்தால் இரண்டு சொற்களுக்கும் எல்லைக்கோடு ஒன்றாகவே இருந்திருக்கும். அவர் வரைபடத்தில் அப்படி இல்லை. இடையில் ஒரு நிலப்பட்டையில் வீட்டுக்குப் புதிய ஒலியும் எலிக்குப் பழைய ஒலியும் வழங்கின. வீடு என்பது வாங்க, விற்க, வரி கட்ட, பத்திரம் எழுத நகரத்தாரோடு பேச வேண்டிய சொல். எலி பற்றி ஒருவரும் நகரத்தாரோடு பேசப் போவதில்லை. ஆகவே புதிய ஒலியை ஏந்திக்கொண்டு வந்தது 16, 17ஆம் நூற்றாண்டுகளின் வணிகமும் அதிகாரமும் மதிப்பும்தான் என்றார் குலூகே. கிளைமொழி எல்லைகளைப் பழங்காலக் குலங்களின் எல்லைகளாகவே பார்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் வலுவாக இருந்த காலத்தில், இது நேர் எதிரான விளக்கம். போருக்கு முன்பே டச்சுக் கிளைமொழியியலுக்குள் இந்த இரண்டு பார்வைகளும் மோதிக்கொண்டிருந்தன என்பதைப் பின்னால் வருவதற்காக நினைவில் கொள்ள வேண்டும்.

அதே 1939இல் ஆம்ஸ்டர்டாம் அலுவலகம் அனுப்பிய வினாநிரலில், வழக்கமான சொற்களோடு வேறுவகையான இரண்டு கேள்விகளும் இருந்தன. உங்கள் பகுதியில் எந்த ஊர்களில் உங்கள் பேச்சையே, அல்லது ஏறத்தாழ அதையே பேசுகிறார்கள்? எந்த ஊர்களில் உறுதியாக வேறு பேச்சுப் பேசுகிறார்கள்? ஒலிகளை அளந்து கோடு வரையும் அறிஞர், பேசுகிறவரிடமே “எது உங்கள் எல்லை?” என்று கேட்பது அன்றைக்குப் புதுமை. அந்த விடைகளை எழுதியவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குப் பிறகு போருக்குள் சிக்கினார்கள்.

1940 மே 10 அன்று ஜெர்மானியப் படை நுழைந்தது. 14 அன்று ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதி குண்டுவீச்சில் அழிந்தது. 15 அன்று சரணாகதி கையெழுத்தானது. தெற்கே தீவுகளாலான ஜீலாந்து மாகாணம் மட்டும் மேலும் சில நாள் போரிட்டது. அதன் தலைநகரான மிடல்பர்க் மே 17 அன்று பற்றி எரிந்தபோது, மாகாண நூலகமும் உடன் எரிந்தது. மிடல்பர்க் மேர்டென்ஸ் பிறந்த ஊர். ஜீலாந்தின் பழைய இலக்கிய வாழ்க்கை பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வு 1943இல் வெளிவந்தது. அதில் ஆராயப்பட்ட உலகத்தின் ஏடுகள் பலவும் அதற்குள் சாம்பலாகியிருந்தன. அவர் அந்த ஆய்வை முடித்த வேகத்துக்கு இந்த இழப்பே காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அது வெறும் ஊகமாகத்தான் நிற்கும்.

அந்த மே மாதத்தைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதையையும் இங்கேயே பார்த்துவிடலாம். சந்தேகத்துக்கு உரியவர்களை டச்சுப் படைவீரர்கள் நிறுத்தி, ‘ஸ்கேவனிங்கன்’ என்ற கடற்கரை ஊரின் பெயரைச் சொல்லச் சொன்னார்களாம். அதன் தொடக்கத்தில் சகரத்தோடு சேர்ந்து வரும் தொண்டை ஒலி ஜெர்மானியர் வாயில் நுழையாதாம். இப்படி ஒரு சோதனை நடந்தது என்பதை நம்பலாம். அதனால் எத்தனை ஒற்றர்கள் பிடிபட்டார்கள் என்பது பற்றிச் சொல்லப்படுவதை நம்ப வேண்டியதில்லை. ஒரு கிளைமொழி ஆய்வாளராகச் சொல்கிறேன்: அது மோசமான சோதனை. ஃபிரிசிய மொழியையே தாய்மொழியாகக் கொண்ட வடக்கு நெதர்லாந்துக்காரர் அந்த இடத்தில் சகரத்தோடு ககரத்தைச் சேர்த்தே சொல்வார். துப்பாக்கியோடு நிற்கும் தென்பகுதி வீரனின் காதுக்கு அவர் அந்நியராகவே பட்டிருக்கக்கூடும். நாட்டின் எல்லையும் ஒலியின் எல்லையும் ஒன்று என்று நம்பினால் எவ்வளவு பிழை நேரும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

அடுத்து வந்தவை கையெழுத்துகள். 1940 அக்டோபரில் அரசு ஊழியர் ஒவ்வொருவரும், பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் உட்பட, தாம் ஆரியரா யூதரா என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். நவம்பரில் யூத ஊழியர்கள் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். லைடனில் சட்டப் பேராசிரியர் கிளெவரிங்கா, நீக்கப்பட்ட தம் ஆசிரியர் மேயர்ஸுக்காக நவம்பர் 26 அன்று பேசினார். மறுநாள் அவர் கைதானார், பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 1942இல் லைடன் பேராசிரியர்களில் பெரும்பாலோர் பதவி விலகினார்கள். 1943 வசந்தத்தில் மாணவர்களிடம் விசுவாச உறுதிமொழி கேட்கப்பட்டபோது, ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் கையெழுத்திட மறுத்தார்கள். நைமேகன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அந்தப் படிவத்தை மாணவர்களிடம் நீட்டவே மறுத்து மூடிக்கொண்டது. எனவே கிளைமொழி கற்பிக்கும் பேராசிரியர் என்று ஒருவர் இருந்திருந்தால், 1943க்குப் பிறகு பெரும்பாலும் அவருக்கு வகுப்பறையும் இல்லை, மாணவரும் இல்லை. மறுத்த மாணவர்கள் ஜெர்மனியில் கட்டாய உழைப்புக்குப் பிடிபடாமல் இருக்கத் தலைமறைவானார்கள்.

ஆய்வுப்பணிக்கு என்ன ஆயிற்று? இந்தத் துறைக்குத் தேவையானவை பெரிய கருவிகள் அல்ல. அஞ்சல், ரயில், சைக்கிள், காகிதம், அந்நியரை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்துப் பேசும் மனம் ஆகியவையே. போர் இவற்றை ஒவ்வொன்றாகப் பறித்தது. 1941 முதல் எங்கு போனாலும் அடையாள அட்டை வேண்டும். 1942இல் சைக்கிள்களைப் பறிமுதல் செய்யத் தொடங்கினார்கள். 1943இல் வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். வீட்டுக்குள் யாரையாவது ஒளித்து வைத்திருக்கும் ஒரு குடியானவர், குறிப்பேட்டோடு வந்து “இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்கும் நகரத்தாரை எப்படி வரவேற்றிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். களப்பணி செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்: அமைதிக் காலத்திலேயே முதல் அரைமணி நேரம் சந்தேகத்தைக் களைவதிலேயே போய்விடும்.

அப்படியும் வேலை நடந்தது. கிளைமொழி ஆய்வாளர் வெய்னன் டச்சுக் கிளைமொழிகள் பற்றிய பொது நூலை 1941இல் வெளியிட்டார். மேர்டென்ஸும் ஒலியியலாளர் லூயிஸ் கைசரும் பதிப்பித்த உர்க் தீவு பற்றிய நூல் 1942இல் வந்தது. உர்க், கடலை அணைகட்டித் தடுத்து உண்டாக்கிய ஏரியின் நடுவே இருந்த சிறு மீனவர் தீவு. 1939 அக்டோபரில் வடகரையிலிருந்து வந்த அணை அதைத் தொட்டபோது அது தீவாக இருப்பது முடிந்தது. 1942 செப்டம்பரில் அதன் கிழக்குப் பக்கத்திலிருந்த நீர் இறைக்கப்பட்டுப் புதுநிலம் வெளிப்பட்டது. தனித்திருந்த ஒரு பேச்சு, வெளியூரார் வந்து குடியேறுமுன் பதிவாக வேண்டும் என்ற அவசரத்துக்குப் போரோடு தொடர்பில்லை. ஆனால் அந்தப் புதுநிலத்தின் சேற்றில் வாய்க்கால் வெட்டப் போனவர்களில், ஜெர்மானியரிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த இளைஞர்கள் ஏராளமாக இருந்தார்கள். உர்க் மக்கள் தம் வாசலில் கேட்ட முதல் வெளியூர்ப் பேச்சுகளில் இவர்களுடையதும் அடங்கும்.

என்னை மிகவும் யோசிக்க வைக்கும் நிகழ்ச்சி 1944 ஏப்ரல் 12 அன்று நடந்தது. அகாதெமியின் கிளைமொழிக் குழு முன் வெய்னன், ரெண்டர்ஸ், இயேசு சபைத் துறவியும் நைமேகன் பேராசிரியருமான வான் கின்னெகென் ஆகிய மூவரும் வடபிரபாண்ட் மாகாணத்தின் கிழக்குப் பகுதிப் பேச்சு எல்லைகள் பற்றி உரையாற்றினார்கள். வான் கின்னெகெனின் பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது. அவர் ஊரான நைமேகனை பிப்ரவரி 22 அன்றுதான் அமெரிக்க விமானங்கள் தாக்கி, ஏறத்தாழ 800 பேர் இறந்திருந்தார்கள். அந்த நிலையில் அவர்கள் பேசியது, எந்தக் கிராமம் எந்தக் கிராமத்தோடு ஒத்துப் பேசுகிறது என்பது பற்றி. 1946இல் அச்சான அந்த உரைகளில்தான், இன்று பாடநூல்களில் அம்புக்குறி முறை எனப்படும் வழி முதன்முதலில் முழுமையாக வெளிப்பட்டது. முறை எளிது. என் ஊரும் அடுத்த ஊரும் ஒரே பேச்சு என்று ஒருவர் விடை எழுதியிருந்தால், இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு ஓர் அம்புக்குறி. எல்லா விடைகளுக்கும் வரைந்து முடித்தால் அம்புகள் திரள் திரளாகச் சேர்ந்துகொள்ளும். திரள்களுக்கு இடையே வெறுமையாகக் கிடக்கும் பட்டையே எல்லை. எல்லையை ஆய்வாளர் வரைவதில்லை; யாரும் அம்பு விடாத இடத்தில் அது தானாகத் தெரியும்.

அந்த உரை நிகழ்ந்து ஐந்து மாதங்களில், செப்டம்பர் 17 அன்று, நேச நாட்டுப் பாராசூட் படைகள் அதே நிலத்தில் இறங்கின. அய்ந்தோவன், சோன், சிந்த் ஊடன்ரோட, வேகல், ஊடன், கிராவ என்று நைமேகன் வரை ஒற்றைச் சாலையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னேறியது இந்தப் பேச்சு எல்லைகளின் ஊடாகத்தான். சில வாரங்களில் ஓவர்லோன் என்ற சிற்றூர் பீரங்கிப் போரில் தரைமட்டமானது. ஊர் அழிந்து சனங்கள் சிதறினால், அந்த ஊரைச் சுட்டும் அம்புக்குறிக்குப் பொருள் என்ன என்பது கிளைமொழி ஆய்வில் விளையாட்டான கேள்வி இல்லை. மேற்கு நகரங்களிலோ அந்த இலையுதிர் காலத்திலிருந்து ரயில் ஓடவில்லை, எரிவாயுவும் மின்சாரமும் நின்றன. துலிப் கிழங்கைத் தின்ற அந்தப் பசிக் குளிர்காலத்தில் 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஆய்வாளருக்கும் மற்ற குடிமக்களுக்கும் அப்போது வேறுபாடில்லை. வீரிங்கன் என்ற பழைய தீவின் பேச்சை ஆராய்ந்து 1950இல் நூல் வெளியிட்ட யோ டான் போர் தொடங்கிய ஆண்டில்தான் மேர்டென்ஸின் அலுவலகத்தில் சேர்ந்தவர். வீரிங்கனை ஒட்டியிருந்த புதுநிலத்தின் அணையை 1945 ஏப்ரல் 17 அன்று, விடுதலைக்கு மூன்று வாரத்துக்கும் குறைவாக இருந்தபோது, ஜெர்மானியர் வெடி வைத்துத் தகர்த்து அந்தப் பண்ணை நிலம் முழுவதையும் மூழ்கடித்தார்கள்.

இனி, துணை போனார்களா என்ற பகுதிக்கு வருகிறேன். சிலர் போனார்கள், அதில் ஐயமில்லை. லைடனில் பழைய ஜெர்மானிய மொழிகளின் பேராசிரியரும் நாட்டார் வழக்காற்று ஆய்வில் பெரிய பெயருமான யான் டெ விரீஸ், ஆக்கிரமிப்பாளர் நிறுவிய பண்பாட்டு மன்றத்தில் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நாஜிகளின் எஸ்எஸ் படை அமைப்பின் ஆதரவாளராக இருந்தார். 1944 செப்டம்பரில் ஜெர்மனிக்குப் போனார். போர் முடிந்தபின் பதவியை இழந்து, சிறைக் காவலில் இருந்து, பிறகு ஜீலாந்தில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். குரோனிங்கனில் காப்டெய்ன் என்ற மூத்த மொழியியல் பேராசிரியர், வடகிழக்கு மாகாணங்களின் சாக்சனிய, ஃபிரிசியப் பண்பாட்டை ஜெர்மானிய ஒற்றுமையின் பேரால் வளர்க்கும் அமைப்பை முன்னின்று நடத்தினார். நெதர்லாந்தின் கிழக்குப் பேச்சுகள் எல்லை தாண்டி வடஜெர்மனியின் பேச்சுகளோடு இடைவிடாமல் தொடர்வது உண்மை. அந்த உண்மையை எடுத்து, ஆகவே இம்மக்கள் அந்த அரசுக்கு உரியவர்கள் என்று முடித்ததுதான் அரசியல். ஒலித் தொடர்ச்சியிலிருந்து ஆட்சி உரிமை பிறப்பதில்லை. குலூகேயின் எலியும் வீடும் காட்டியதும் அதுவே. வரைபடங்கள் படைநடவடிக்கைக்கு உதவின என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை: எந்தத் தளபதிக்கும் உயிரொலி எல்லை தேவைப்படவில்லை. பிரசாரத்துக்கு உதவியது என்றால் சரி.

இடைப்பட்டவர்களைப் பற்றித்தான் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். வான் கின்னெகென் 1935இலேயே இனமும் மொழியும் பற்றி அகாதெமியில் எழுதியவர். ஒலிப்பழக்கம் பரம்பரையாக உடலில் இறங்குகிறது என்று நம்பியவர். அந்தக் கொள்கை அறிவியலாகத் தவறு; அவர் காலத்திலேயே பலர் அதை மறுத்தார்கள். அதனாலேயே அவரை நாஜி என்று முத்திரை குத்துவது நேர்மையாகாது. பிழையான உயிரியலை நம்பிய ஒரு துறவி வேறு, சீருடைக்குச் சேவகம் செய்த பேராசிரியர் வேறு. அவர் 1945 அக்டோபரில் இறந்தார். மறுபக்கம் ஹீரோமா இருக்கிறார்: ஹாலந்துக் கிளைமொழிகளில் பட்டம் பெற்று, லைடனில் பெரிய டச்சு அகராதியின் தொகுப்பில் வேலை பார்த்தவர். மூஸ் யாகோப்ஸ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கவிதைகளில் ஆக்கிரமிப்பை எதிர்த்த குரல் இருந்தது. இவரே 1953இல் குரோனிங்கனில் கீழ்ச்சாக்சனியப் பேச்சுகளுக்கான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். காப்டெய்ன் கறைப்படுத்திய அதே நிலத்தை, அதே பேச்சுகளை, இவர் மீண்டும் ஆய்வுக்கு உரியதாக்கினார் என்றே நான் படிக்கிறேன்.

இதுவரை சொன்ன எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவில் தெரிவு இருந்தது. ஹார்டோக் பேமுக்கு அது இல்லை. 1892இல் ஹார்டெர்வெய்க்கில் பிறந்த இவர், ஃபிரிஸ்லாந்தின் தலைநகரான லீவார்டனில் பள்ளி ஆசிரியர், யூதர். இவர் ஆராய்ந்த பேச்சு நெதர்லாந்தின் இத்திஷ்; ஜெர்மன் வேரில் எபிரேயச் சொற்கள் கலந்த யூதர் மொழி அது. 17ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மனியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த யூதர்கள் கொண்டுவந்த இத்திஷ், ஆம்ஸ்டர்டாமிலும் சிற்றூர்களிலும் வேரூன்றி டச்சோடு கலந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு யூதப் பள்ளிகளில் டச்சு மொழியைப் புகுத்திய பிறகு, முழு மொழியாக அது தேய்ந்து, சொற்களாகவும் பழமொழிகளாகவும் வீட்டிலும் சந்தையிலும் தங்கியது. மாட்டுச் சந்தையில் பேரம் பேசும் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து கில்டர் (அன்றைய டச்சுப் பணம்) தாளுக்கு ‘யூத்யே’, நூறுக்கு ‘மையர்’, கால் கில்டருக்கு ‘ஹைட்யே’ என்று யூதரல்லாதவர்களும் சொன்னார்கள். இவை எபிரேய எண்களிலிருந்து வந்தவை. கால் கில்டர் என்பது ஐந்து ஸ்டுய்வர் என்னும் சிறு நாணயங்களுக்குச் சமம். எபிரேய எழுத்து வரிசையில் ஐந்தாவது எழுத்தே ஹைட்யேயின் வேர். நாட்டின் எந்தக் கிளைமொழி வரைபடத்திலும் இந்தப் பேச்சுக்கு நிலம் கிடையாது. அது ஊர்களுக்கு உரியதன்று, குடும்பங்களுக்கு உரியது.

போர் தொடங்கியபோது நெதர்லாந்தில் ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். 1942 ஜூலை முதல் வெஸ்டெர்போர்க் முகாம் வழியாக அவர்களை ரயில்களில் ஏற்றினார்கள். 1,00,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய விழுக்காடு வேறு நாட்டில் இல்லை. பேமும் மனைவியும் தங்கள் இரண்டு குழந்தைகளை, ஒரு பெண்ணையும் ஒரு பையனையும், 1942இல் எர்மெலோ என்ற நாட்டுப்புற ஊரில் ஒரு கிறித்தவக் குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். அது அவர் பிறந்த ஹார்டெர்வெய்க்குக்குப் பக்கத்து ஊர். குழந்தைகள் வேறு பெயரில், ராட்டர்டாமிலிருந்து வந்த அகதிகள் என்ற கதையோடு, அங்கே சாதாரணப் பள்ளிக்கும் போனார்கள். ராட்டர்டாம் ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் தோன்றுகிறது. ஆனால் அது என் ஊகமே. 1940 குண்டுவீச்சில் ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்த நகரம் அது. அங்கிருந்து வந்ததாகச் சொல்லும் குழந்தையிடம் யாரும் அதிகம் கேள்வி கேட்க மாட்டார்கள். வடக்கே லீவார்டனில் வளர்ந்த குழந்தைகளின் பேச்சு எர்மெலோக்காரர் காதில் வெளியூர்ப் பேச்சாகவே விழுந்திருக்கும்; வெளியூர் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். 1944 பிப்ரவரியில் காவலர்கள் அந்த மறைவிடத்தைச் சோதனையிட்டுக் குழந்தைகளைப் பிடித்தார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் இருவரும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். மகளுக்கு வயது பதினொன்று, மகனுக்கு ஒன்பது. தந்தை தலைமறைவாக இருந்து உயிர் பிழைத்தார்.

கிளைமொழிக் குழுவில் அந்த மூவரும் பிரபாண்ட் எல்லைகளைப் பற்றிப் பேசியது அதற்கு ஐந்தே வாரங்களுக்குப் பிறகு. இதைச் சொல்வது அவர்களைக் குற்றம் சாட்டுவதற்காக அன்று. அவர்களும் பயத்தில் வாழ்ந்தவர்களே. ஒரே நாட்டில், ஒரே துறையில், ஒரே வசந்தத்தில் இரண்டு வாழ்க்கைகள் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடிந்தது என்பதைக் கேட்டவர் அறிய வேண்டும். ஆய்வுமுறையிலும் அந்த விலகல் தொடர்ந்தது. மேர்டென்ஸ் தம் அலுவலகத்தின் வினாநிரலைப் போர் முடிந்தபின் மறுபடியும் அனுப்ப முடிந்தது. ஒரு கிராமத்து ஆசிரியர் இறந்திருந்தால் இன்னொருவர் எழுதினார். பேம் யாரிடம் அனுப்புவார்? ஒரு பழமொழியை அதன் ஏற்ற இறக்கத்தோடு சொல்லக்கூடிய பாட்டிகளும், சந்தையில் எண்களை முணுமுணுத்த மாட்டு வியாபாரிகளும், குடும்பம் குடும்பமாக இல்லாமல் போயிருந்தார்கள். இருந்தும் அவர் எழுதினார். 1959இல் நெதர்லாந்து இத்திஷின் பழமொழிகளையும் சொலவடைகளையும் வெளியிட்டார். 1967இல் அதன் சொல்லகராதியை. 1974இல் லீவார்டன் யூதர்களின் வரலாற்றை. 1987இல் காலமானார். இந்த உழைப்பைத் துக்கத்தின் வடிவம் என்று சிலர் விளக்குவார்கள். இருக்கலாம், ஆனால் அந்த அகராதி சொல்லுக்குச் சொல் பயன்படக்கூடிய, கறாரான ஆய்வு நூல். அதை அழுகையாக மட்டும் படித்தால் அந்த அறிஞருக்கு நாம் செய்யும் மரியாதை குறைந்துவிடும். ஆம்ஸ்டர்டாம்காரர் இன்றும் நண்பனுக்கும் திருட்டுக்கும் சிறைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் சொல்லும் பேச்சுச் சொற்கள் பலவற்றின் வழி, அவர் தொகுத்த அந்தப் பேச்சுக்கே போகிறது.

கேட்டவர் மேற்கொண்டு படிக்க விரும்பினால் ஒரு நடைமுறைக் குறிப்பு. டச்சுக் கிளைமொழி வரைபடம் எதைப் பார்த்தாலும், அச்சான ஆண்டை மட்டும் பார்க்காமல் விடைகள் எழுதப்பட்ட ஆண்டையும் பாருங்கள். பாடநூல்களில் அதிகம் எடுத்தாளப்படும் யோ டானின் வண்ண வரைபடம் 1969இல் வெளிவந்தது; அதன் அடிப்படையோ, மேலே சொன்ன 1939 வினாநிரலின் இரண்டு கேள்விகளுக்கு வந்த விடைகள். அணைகளுக்குப் பின்னால் பின்னர் குடியேறிய புதுநிலங்களின் பேச்சு, ராட்டர்டாமின் நடுவிலிருந்து சிதறியவர்களின் பேச்சு, மக்கள் ஓடிப்போன பிரபாண்ட் ஊர்களின் மாறிய பேச்சு ஆகியவை அந்த விடைகளில் இருக்க வழியில்லை. போருக்கு முந்தைய நாடு எப்படித் தன்னைத் தானே பிரித்துப் பார்த்தது என்பதற்கு அது நம்பகமான சான்று. 1969இன் பேச்சுக்குச் சான்றாக அதை மேற்கோள் காட்டும் கட்டுரைகளை ஒதுக்கிவிடலாம்.